இறாத்தற் கணக்கில் வாங்கிய விளக்குகள்

ஒக்ரோபர் மாதத்தில் பிலடெல்பியாவிலிருந்து மோட்டார் வண்டியில் மேற்கே செல்லும் பிரயாணிக்கு, ஏறக்குறைய 100 மைல் தூரத்தில் சஸ்குவெஹானா நதி எதிர்ப்படும். மலைச்சாரல்களில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். ஆற்றங்கரைக் குளிர்காற்று கம்பளி அங்கியையும் ஊடுருவும். நதியின் கிழக்குக் கரையிலே, 272 அடி உயரமான பச்சை ஓட்டுக் குவிமாடம் ஒன்று தோன்றும். பென்சில்வேனியா மாநிலத்தின் சட்டசபை கூடும் மாளிகை அது. ஊரின் பெயர் ஹரிஸ்பேர்க்.

குளிருக்கு ஒதுங்கி உள்ளே நுழைபவன் சிறிது நேரம் பேச்சற்று நிற்பான். குவிமாடம் றோமாபுரியின் புனித பேதுரு தேவாலயத்தைப் பின்பற்றியது. அதன்கீழ் விரியும் படிக்கட்டு பாரிஸ் நகரத்து இசைநாடக அரங்கினுடையதைப் பின்பற்றியது. ஆயினும் கண்ணைத் தாழ்த்தி நடப்பவனுக்கே பெரிய விருந்து. ஹென்றி மேர்சர் என்பார் சுட்ட களிமண் ஓடுகளிலே, தொழிலாளரும், கருவிகளும், பறவைகளும், பூச்சிகளுமாக ஏறக்குறைய 400 சித்திரங்கள் தரையிற் பதிந்துள்ளன. அரசர்களும் போர்களும் நிறைந்த மாளிகைகளைக் கண்டு சலித்தவர்களுக்கு இஃது ஆறுதல் தரும் காட்சி.

முன்னைய மாளிகை 1897 பெப்ரவரி 2ஆம் நாள் தீக்கிரையாயிற்று. சிக்கனமாகத் தொடங்கிய அடுத்த கட்டடம், தொழிற்சாலை போலிருக்கிறதென்று பலராலும் இகழப்பட்டு அரைகுறையாக நின்றது. பின்னர் யோசப் ஹியூஸ்ரன் என்ற இளஞ் சிற்பியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1906 ஒக்ரோபர் 4ஆம் நாள், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் முன்னிலையில் மாளிகை திறந்துவைக்கப்பட்டது.

விழாவுக்கு முன்பே கணக்குப் புத்தகங்களை ஒருவர் புரட்டத் தொடங்கிவிட்டார். அவர் வில்லியம் பெரி. எதிர்க்கட்சியிலிருந்து தெரிவாகிய மாநிலப் பொருளாளர். கட்டடச் செலவு ஏறக்குறைய 40 இலட்சம் டொலர் என்றே பொதுமக்கள் நம்பியிருந்தனர். தளபாடம் முதலியன சேர்ந்தபோது தொகை ஏறக்குறைய 130 இலட்சமாயிற்று. எவ்வாறு? பொருள்கள் எண்ணிக்கையால் வாங்கப்படவில்லை. மரச்சாமான்களுக்கு அடிக் கணக்கிலும், வெண்கல விளக்குகளுக்கு இறாத்தற் கணக்கிலும் விலை பேசப்பட்டிருந்தது. இறாத்தல் 4 டொலர் 85 சதம்! 2,240 இறாத்தல் கொண்ட ஒரு தொன் விளக்கு 10,864 டொலராகும். விளக்கு எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு இலாபம். ஆதலால் அவை கனத்தன. சப்பாத்துத் துடைப்பதற்கான மேடையொன்று, அடிக்கு 18 டொலர் 40 சதமாக அளக்கப்பட்டு 1,619 டொலருக்கு விற்கப்பட்டது. அந்த அளவுகோலைப் பிடித்த கையை வியப்பதா, அதற்குக் கையொப்பமிட்ட கையை வியப்பதா?

இதில் குற்றமற்றவர்களும் துன்புற்றனர். வாயிலில் நிற்கும் சலவைக்கல் உருவங்களைச் செதுக்கிய யோர்ஜ் பார்னார்ட் என்பவருக்குப் பணம் தடைப்பட்டது. பிரான்சிலே வேலைசெய்துகொண்டிருந்த அவர், பழைய மடாலயங்களின் தூண்களையும் சிற்பங்களையும் தேடி விற்றுக் காலங்கழித்தார். அவர் திரட்டியவற்றுட் பல இன்று நியூயோர்க்கில் ஓர் அரும்பொருட்சாலையாக விளங்குகின்றன. ஊழலின் கிளையொன்று இப்படியும் காய்த்தது.

1907இல் விசாரணை நடந்தது. 1908இல், தளபாடம் வழங்கிய ஒப்பந்தகாரரும் முன்னைய பொருளாளரும் உட்பட நால்வர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்விருவரும் சிறைபுகுமுன்னரே இறந்துபோயினர். ஹியூஸ்ரன் 1910இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுப் பின்னர் சிறைசென்றார். கணக்கைக் கண்டுபிடித்த பெரி, அதே 1910இல் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார், தோல்வியுற்றார். விளக்குகள் மட்டும் சட்டசபை மண்டபத்தில் இன்றும் எரிகின்றன.