தரவுத்தளத்தை நாமே நிறுத்திப் பார்ப்போம்

புளியங்கூடலை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் காணி உறுதி வீட்டோடு போய்விட்டது. இலங்கையில் உறுதி உரிமையாளரிடம் இருக்க, அதன் பிரதிகள் நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்திலும் இருக்கும். அதனால் பிரதி எடுக்க முடிந்தது. ஆனால் யாரிடம் கேட்பது, எத்தனை நாள் செல்லும் என்பதெல்லாம் தேவை வந்த பிறகுதான் தெரிந்தது. இன்று மென்பொருள் துறையில் என் வேலை அந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்பதுதான்.

2023 ஆகஸ்ட் 26 இல் இலங்கை அரச கணினி வலையமைப்பைக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதியே இருக்கவில்லை.

மைக்ரோசேர்விஸ் என்றால் ஒரு பெரிய செயலியைச் சிறு சேவைகளாகப் பிரிப்பது. யாழ்ப்பாணம் - கொழும்பு பஸ் ஆசனப் பதிவை எடுத்துக்கொள்வோம். நேர அட்டவணை, பதிவு, கட்டணம் ஆகியவை தனித்தனிச் சேவைகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுத்தளம். கட்டணத் தரவுத்தளம் விழுந்தாலும் அட்டவணை தெரிய வேண்டும். தெரிகிறதா? சோதனைச் சூழலில் அதை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 'கேயாஸ் மங்கி' என்ற கருவியால் வாடிக்கையாளர் பயன்படுத்தும் சேவையகங்களையே எழுந்தமானமாக நிறுத்திப் பார்த்தது. நமக்கு அவ்வளவு துணிச்சல் தேவையில்லை.

நிறுத்துவது இலகுவான சோதனை. மெதுவாக்குவதில்தான் பெரும்பாலான செயலிகள் விழும். நின்றுபோன தரவுத்தளம் உடனே பிழை காட்டும். மெதுவானது காக்க வைக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் ஓர் இணைப்பைப் பிடித்துவைக்க, இணைப்புகள் தீர்ந்து, நன்றாக இருந்த சேவைகளும் நிற்கும். பதில்களுக்கு 10 விநாடி தாமதம் சேர்த்து, சேவை எப்போது கைவிடுகிறது என்று பாருங்கள். தொடர்ந்து தோற்றால், வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுவதுபோல, அழைப்பதையே சற்று நேரம் நிறுத்த வேண்டும்.

கட்டணத்தில் இன்னொன்று. பணம் பதியப்பட்ட பின், பதில் வருமுன் இணைப்பைத் துண்டியுங்கள். சேவை மீண்டும் முயலும். ஒரே ஆசனத்துக்கு இரண்டு தடவை பணம் கழிந்தால், கோரிக்கைக்குத் தனி இலக்கம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

முதன்மைத் தரவுத்தளத்தை நிறுத்தியதும் மாற்றுத் தரவுத்தளம் பொறுப்பேற்க எடுத்த நேரத்தைக் குறியுங்கள். கடைசி விநாடிகளில் எழுதியவற்றில் எத்தனை காணாமற்போயின என்றும் எண்ணுங்கள்.

பிறகு, காப்புப் பிரதியை வெறும் கணினி ஒன்றில் மீட்டெடுங்கள். நான் முதன்முறை செய்தபோது கோப்பு பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல், நான் நிறுத்தி வைத்திருந்த அதே தரவுத்தளத்துக்குள் இருந்தது.