அண்ணா பல்கலைக்கழகம்: சேர்க்கை, செலவு, மாணவர் வாழ்க்கை

தமிழக அரசின் சட்டத்தால் 1978 செப்டம்பர் 4-ஆம் நாள் ஸ்தாபிக்கப்பட்டு, சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவரும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அண்ணா பல்கலைக்கழகம். கிண்டிப் பொறியியற் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) என்னும் பழைய ஸ்தாபனங்கள் நான்கையும் தன்னுள் அடக்கிய இப்பல்கலைக்கழகத்தோடு இன்று மாநிலமெங்கும் நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இணைவு பெற்றிருந்தாலும், பட்டப் படிப்போடு ஆராய்ச்சியையும் பிரதான காரியமாகக் கொண்டு விளங்குபவை அந்த நான்கு வளாகங்களே. அவற்றில் பிரவேசம் பெறும் வழியையும், பெற்றபின் ஆகும் செலவையும், அங்குள்ள வாழ்க்கையின் தன்மையையும், திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் எளாவூர், ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மாணவரை விசேஷமாக மனத்தில் கொண்டு இக்கட்டுரை விவரிக்கிறது.

நான்கினுள் மூத்தது கிண்டிப் பொறியியற் கல்லூரி. மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனைப்படி, 1794-இல் எட்டே மாணவர்களோடு சென்னைக் கோட்டையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியே அதன் மூலம். 1859-இல் பொறியியற் கல்லூரியாகிச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அது, 1920-இல் கிண்டியில் இன்றும் கம்பீரமாக நிற்கும் சிவப்புக் கட்டடத்துக்கு இடம் மாறியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆண்களுக்கே உரியதாயிருந்த அக்கல்லூரி, இளம் வயதிலேயே கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற அ. லலிதாவை 1940-இல் மின் பொறியியல் பிரிவில் சேர்த்துக்கொண்டது. அங்கேயே பேராசிரியராயிருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், விடுதியில் மகள் ஒருத்தியாகத் தனித்திருப்பதைக் கண்டு, வேறு பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்வித்ததன் பயனாக, லீலம்மா ஜார்ஜ், தெரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியல் பயில வந்தனர். ஒரு மாணவியின் பிரவேசம் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதோடு பூர்த்தியாவதில்லை, தங்க இடமும் கூட இருக்கத் தோழமையும் அமைந்தபின்தான் பூர்த்தியாகிறது என்பதை அந்தத் தந்தை நன்கு உணர்ந்திருந்தார். எளாவூரிலிருந்து வரும் மாணவிக்கும் இன்றளவும் அது பொருந்தும்.

கிண்டியில் யாருக்கு இடம் என்ற கேள்வி நாட்டின் அரசியல் சாசனத்தையே மாற்றிய வரலாறு உடையது. அக்காலச் சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காக வகுக்கப்பட்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்ற விகிதத்தில் வழங்கப்பட்டு வந்தன. பொறியியற் கல்லூரியில் இடம் நாடிய சீனிவாசனும் மருத்துவக் கல்லூரியில் இடம் நாடிய செண்பகம் துரைராஜனும் தொடுத்த வழக்குகளில், இந்த வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடுத்து, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சாசனத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்பட்ட வகுப்பினர்க்கு விசேஷ ஏற்பாடு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்குக் கிட்டியது. இன்று நடப்பிலுள்ள 69 சதவீத இடஒதுக்கீடு, அதாவது பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்ற பகிர்வு, அந்த மரபில் வளர்ந்து 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்புப் பெற்றது.

சேர்க்கை முறையைப் பொறுத்தவரை, 1984 முதல் ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் நுழைவுத் தேர்வு ஒன்று நடந்துவந்தது. பட்டணத்துப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்ட வசதியுள்ளோர்க்கு அது அனுகூலமாகவும் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடையாகவும் இருந்த காரணத்தால், பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் ஆலோசனையை ஏற்று, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது ரத்து செய்யப்பட்டது. அன்றுமுதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல்: கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்குமாகச் சுருக்கிக் கூட்டப்பட்டு, இருநூறுக்குக் கணக்கிடப்படும் தொகையைத்தான் ஊரெல்லாம் ‘கட்-ஆஃப்’ என்று பேசிக்கொள்கிறார்கள். இருவர் ஒரே தொகை பெற்றால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று ஒப்பிட்டுக்கொண்டே போய், எல்லாம் சமமாய் நின்றால் கடைசியில் கணினி வழங்கிய ‘ரேண்டம் எண்’ தீர்மானிக்கிறது. கிண்டியில் கணினிப் பொறியியலுக்குப் பொதுப் பிரிவுக் கட்-ஆஃப் இருநூறை ஒட்டியே நிற்பதால், அரை மதிப்பெண் தவறியவர்கள் எத்தனையோ பேருக்குப் பின்னால் தள்ளப்படுகிறார்கள்.

1997 முதல் ஒற்றைச் சாளர முறையில் கிண்டி வளாகத்திலேயே நேரில் நடந்துவந்த கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்திவருகிறது. நேரில் நடந்த காலத்தில் தென்கோடி மாவட்டங்களிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து வளாகத்து மரநிழலில் காத்திருப்பர். இப்போது அந்தக் காத்திருப்பு கும்மிடிப்பூண்டி இ-சேவை மையத்தின் வாசலில் நடக்கிறது. பதிவுக் கட்டணம் பொதுவாக 500 ரூபாய். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர்க்கு 250 ரூபாய். விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பெற்றோர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு: வளாகக் கல்லூரிகளில் சில பாடப்பிரிவுகள் சாதாரணக் கட்டணத்தில் ஒன்றும், சுயநிதி முறையில் மற்றொன்றுமாக இருவகையாக இருக்கின்றன. சுயநிதிப் பிரிவின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.எஸ்.’ என்ற இரண்டெழுத்து மட்டும் நிற்கும். வகுப்பறையும் பட்டமும் ஒன்றே, கட்டணம் வேறு. அந்த இரண்டெழுத்தைப் பாராமல் வரிசைப்படுத்திவிட்டு, ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்தபின் திகைத்து நிற்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உண்டு.

இவ்வட்டாரத்துக்கு மிக அனுகூலமானது 2021-இல் வந்த சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு வழங்கும் அச்சட்டத்தின்படி சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் யாவற்றையும் அரசே ஏற்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் தகப்பனுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை நான் அறியேன். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று நெடுங்காலமாக இருந்துவருவதால், இத்தகைய முகாம்களின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்கள் பொதுப் பிரிவில் மட்டுமே போட்டியிட முடியும். பொறியியல் சேரும் முகாம் மாணவருள் மதிப்பெண் வரிசைப்படி 50 பேரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசு ஏற்கும் என்று 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். இந்த மண்ணிலேயே பிறந்து இந்தப் பள்ளிகளிலேயே படித்த பிள்ளைகள் ஒதுக்கீட்டின் வெளியே நிற்பது நியாயமன்று என்பதே இவ்வாசிரியரின் கருத்து.

செலவைப் பற்றிப் பேசுங்கால், எம்.ஐ.டி.யின் பூர்வ கதையை விட்டுவிட முடியாது. சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் இல்லத்தை விற்ற பணத்தைக்கொண்டு 1949-இல் குரோம்பேட்டையில் அதை ஸ்தாபித்தார். அங்கே விமானப் பொறியியல் பயில ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாமுக்குச் சேர்க்கைக்கென ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்நிலைமை இன்று பெருமளவு மாறியிருக்கிறது. தனியார் கல்லூரிகளில் கலந்தாய்வு வழிச் சேருவோர்க்கே ஆண்டுக்கு 50,000 அல்லது 55,000 ரூபாய் என்று 2017-இல் கட்டண நிர்ணயக் குழு விதித்திருக்க, வளாகக் கல்லூரிகளின் சாதாரணப் பிரிவுகளில் கட்டணம் அதைவிட வெகு குறைவு. அதிலும் குடும்பத்தில் முதல் பட்டதாரியானால் சலுகை. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கு மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய்.

இவ்வளவும் கூட்டிப் பார்த்தால், கட்டணம் என்பது எளாவூர்க் குடும்பத்தின் தலைச்சுமையாக இனி இல்லை. எஞ்சி நிற்கும் உண்மையான செலவு தூரந்தான். எளாவூரிலிருந்து சென்னை சென்ட்ரல் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புறநகர் ரயில்களிற் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடுகின்றன. சூளூர்ப்பேட்டை வரை செல்லும் சில வண்டிகளே எளாவூரில் நிற்பவை. விடியுமுன் அவற்றில் ஒன்றைப் பிடித்து மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயிலேறிக் கோட்டூர்புரத்திலோ, பார்க் நிலையத்தில் மின்ரயிலேறிக் கிண்டியிலோ இறங்கினால் வகுப்பை அடையலாம். சீசன் டிக்கெட்டின் விலை அற்பம். ஆனால் போகவர நாள்தோறும் ஐந்து மணிநேரத்துக்குக் குறையாமல் கழியும் பிரயாணம், ஆய்வகத்தில் மாலை தங்கி வேலை செய்வதையும் நூலகத்தில் உட்காருவதையும் பறித்துக்கொள்கிறது. கவரைப்பேட்டையிலும் பஞ்செட்டியிலும் உள்ள தனியார் கல்லூரிகள் வீட்டருகே பஸ் அனுப்புகின்றன என்ற ஒரே காரணத்துக்காக, கிண்டியில் இடம் கிடைக்கக்கூடிய மதிப்பெண் இருந்தும் அதிகக் கட்டணத்துக்கு அங்கே சேருகிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் அதிகம்.

ஆகவே விடுதியில் இடம் பெறுவதைச் சேர்க்கையின் பாகமாகவே எண்ணவேண்டும். கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனி விடுதிகள் உள்ளன. ஆதிதிராவிட மாணவர்க்குச் சைதாப்பேட்டையிலுள்ள எம்.சி. ராஜா அரசு விடுதி, உண்டியும் உறையுளும் கட்டணமின்றித் தருவது. பொது ஸ்தாபன விடுதிகளில் வழங்கிவரும் ‘டிவைடிங்’ முறையில், மாதம் முழுதும் அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு ஆகியவற்றுக்கு ஆன மொத்தச் செலவு, உண்டவர் தொகையாலும் நாட்களாலும் வகுக்கப்பட்டு மெஸ் பில்லாக வருகிறது. லாபம் வைப்பார் இல்லாமையால் இது வெளியிலுள்ள சாப்பாட்டுக் கடைகளைவிட மலிவு. சொல்லிவிட்டு ஊருக்குப் போகிற நாட்களுக்குக் கழிவும் உண்டாதலால், வெள்ளி மாலை வடக்கு ரயிலேறித் திங்கட்கிழமை திரும்பும் மாணவனுக்கு இது மிகவும் ஒத்துவரும்.

வளாக வாழ்க்கையில் முதலாண்டு மாணவர் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு அமைப்பு போன்றவற்றுள் ஒன்றில் சேருவது கட்டாயம். 1948 முதல் நடந்துவரும் ‘டெக்கோஃபெஸ்’ கலைவிழாவும், பிற்காலத்து ‘குருக்ஷேத்ரா’ தொழில்நுட்ப விழாவும் மாணவர்களே முன்னின்று நடத்துபவை. தமிழ்வழியில் பயின்று வருவோரை முதற்பருவத்தில் வாட்டுவது பாடத்தின் கடினத்தைக் காட்டிலும் ஆங்கிலத்தின் வேகமே. கட்டடப் பொறியியலிலும் இயந்திரப் பொறியியலிலும் 2010 முதல் தமிழ்வழி வகுப்புகள் இருப்பினும், பிற துறைகளில் சேர்ந்தவர் முதல் ஓராண்டில் இரண்டொரு பாடத்தில் தேறாமல் ‘அரியர்’ வைப்பது அபூர்வமன்று. அதனால் மனமொடிந்து ஊர் திரும்ப நினைப்பவர்களை, ஒரே ஊர்ப்பக்கத்து மூத்த மாணவர்கள் தம் பழைய குறிப்பேடுகளைக் கொடுத்துத் தேற்றி நிறுத்துவதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஆராய்ச்சி மாணவரின் நிலை வேறு. 1913-இல் துறைமுகக் குமாஸ்தா ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியதுபோல, திறமையுடையோர்க்குப் பிழைப்பின் கவலையை நீக்கித் தருவதே ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் முதற்கடமை. அண்ணா பல்கலைக்கழகமும் தன் நிதியிலிருந்து ஆராய்ச்சி உதவித்தொகை அளித்துவருகிறது. எம்.ஐ.டி. வளாகத்தில் ஆசிரியரும் மாணவரும் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள ‘அனுசாட்’, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதற் செயற்கைக்கோளாக 2009 ஏப்ரல் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்கவேண்டிய சூளூர்ப்பேட்டை, எளாவூருக்கு வடக்கே அதே ரயில்பாதையில்தான் இருக்கிறது.

பிள்ளையைக் கிண்டிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடிவு வந்தபின் சான்றிதழ்களுக்கு அலையவேண்டாம். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளுக்கு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிள்ளை பயின்ற ஒவ்வொரு அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று எழுதி வாங்கிவையுங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்த அன்றே விடுதிக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.