பெயரைச் சொன்னால் போதுமா?

சாத்தூரில் பஸ் ஏறி “இருக்கன்குடி ஒண்ணு” என்றால் போதும், டிக்கெட் கைக்கு வந்துவிடும். அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடும் இடம். இரு கங்கை கூடும் குடி என்பதுதான் இருக்கன்குடி ஆனது என்று ஊரில் சொல்வார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க வரும் கூட்டம் அந்தப் பெயரை நம்பித்தான் கிளம்புகிறது. பெயரைக் கேட்டதும் இடத்தைக் காட்ட வழியில் ஆள் இருக்கிறது.

கணினிகளுக்கும் அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது ஒரே ஒரு கோப்பில் இருந்தது. அதைப் பராமரித்தது கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்த எலிசபெத் ஃபைன்லரின் குழு. புதுக் கணினி சேர்க்கணுமா? அவர்களிடம்தான் சொல்லணும். வலைப்பின்னல் பெருத்ததும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், பட்டியலைப் பிரித்து அவரவர் பகுதியை அவரவர் கையில் கொடுத்தது.

பிறகு வேறொரு கணினியில் ஓடும் நிரல்களின் ஆப்ஜெக்ட்களைத் தேடவும் இதே யோசனை வந்தது. கோர்பாவின் பெயர்ச்சேவை, 1997இல் ஜாவாவோடு வந்த ஆர்எம்ஐ ரெஜிஸ்ட்ரி எல்லாம் இந்த வகைதான். பெயரைக் கொடுத்தால் ஆப்ஜெக்ட்டை எட்டும் வழி கிடைக்கும். அதன்பிறகு பேச்சு நேரடியாக. ரெஜிஸ்ட்ரி நின்றுபோனால், ஏற்கெனவே வழி வாங்கியவர்கள் பேசிக்கொண்டே இருக்கலாம். புதிதாக வருபவருக்கு மட்டும் அந்த ஆப்ஜெக்ட் இல்லாத மாதிரிதான். அது உயிரோடுதான் இருக்கும், ஆனால் கூப்பிட முடியாது.

தமிழுக்கு இணையத்தில் நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். தமிழில் பக்கங்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றைக் கூப்பிடும் முகவரியில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறெதற்கும் இடமில்லை. ஆங்கிலம் தெரியாதவர் தன் மொழிப் பக்கத்துக்குப் போகவும் ஆங்கிலத்தில்தான் தட்டணும்.

1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு பிற மொழிப் பெயர்களுக்கு வழி தேடியது. இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமியோடு வேலை செய்தவர் டான். 2003இல் உலகப் பொதுத் தரம் வந்தது. .இலங்கை 2010இல் ஏறியது; .சிங்கப்பூர், .இந்தியா இரண்டும் 2011இல்.

ஆனால் அடியில் இருக்கும் பட்டியல் மாறவில்லை. நாம் தமிழில் தட்டும் பெயரை உலாவி ஆங்கில எழுத்துக்கோவையாக மாற்றித்தான் டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. மாற்றுவது நமக்குத் தெரியாதவரை சரி. தெரிந்துவிடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன: ஒரு தமிழ் மின்னஞ்சல் முகவரியை ஏதாவது விண்ணப்பப் படிவத்தில் போட்டுப் பாருங்கள். பல படிவங்கள் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் காட்டும். முகவரியில் தவறே இருக்காது. அந்தப் படிவத்தை எழுதியவர் பழைய விதியை இன்னும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.