கதிர்களை அடக்கும் கலை

பாரதப் போரின் இறுதியில் அசுவத்தாமன் பிரமாத்திரத்தை ஏவினான். அதனை எதிர்த்து அருச்சுனனும் ஏவினான். முனிவர்கள் இடைநின்று தடுத்தபோது அருச்சுனன் தன் அத்திரத்தை மீட்டுக்கொண்டான்; அசுவத்தாமனால் மீட்க இயலவில்லை. ஏவ அறிந்தவன் அடக்க அறியாதிருந்தமையால் விளைந்த கேட்டினை நேயர்கள் கதையிற் கேட்டிருப்பர்.

இருபதாம் நூற்றாண்டின் பௌதிகவியல் வரலாற்றிலும் ஏவும் வித்தை ஒன்று, அடக்கும் வித்தை மற்றொன்று என இரண்டு உண்டு. ஒளியையும் அணுவின் நுண்துணிக்கைகளையும் ஒருமுகப்படுத்தி அளவிறந்த சக்தியுடன் செலுத்திய அறிஞர்களின் புகழ் உலகெங்கும் பரவியுள்ளது. அவ்வாறு செலுத்திய கற்றை தன் வேலையை முடித்தபின் எங்கே செல்கின்றது? அதனை ஏற்று, எவருக்கும் ஊறு நேராவண்ணம் தணித்துவிடும் சாதனம் யாது? தமிழிற் கற்றையடக்கி எனக் கூறத்தக்க அச்சாதனத்தின் வரலாறு அதிகம் பேசப்படாத ஒன்று.

ஒளியை அடக்கும் முயற்சியே இவற்றுள் மூத்தது. தன்மீது விழும் ஒளி அனைத்தையும் உறிஞ்சும் கரும்பொருள் என்னும் கருத்தை ஜெர்மனிய அறிஞர் கிர்க்கோப் 1860 ஆம் ஆண்டில் வகுத்தார். ஆனால் உலகில் அத்தகைய பொருள் எங்கே உண்டு? கரியும் ஒளியிற் சிறிதளவைத் திருப்பிவிடுகின்றதன்றோ! 1895 ஆம் ஆண்டில் வீன், லும்மர் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். உட்குழிவான பெட்டகமொன்றில் சிறு துவாரம் இட்டால் அத்துவாரமே கரியினும் கரியது என்பது அவர்தம் கருத்து. நண்பகலில் வீதியிலிருந்து நோக்கும்போது வீட்டின் சாளரம் இருண்டு தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. உட்புகுந்த ஒளி சுவருக்குச் சுவர் மோதி, மோதுந்தோறும் தேய்ந்து, வெளியேற வழியின்றி மடிகின்றது. ஒவ்வொரு மோதலிலும் பத்தில் ஒன்பது பங்கு உறிஞ்சப்படுமாயின், ஆறு மோதல்களின்பின் எஞ்சுவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கேயாம்.

1928 இல் கல்கத்தாவில் சேர். சி. வி. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் மிக மங்கலானது. அதனை ஆராய்வதற்கு, மிஞ்சிய ஒளி முழுவதையும் விழுங்கிவிடும் பொறி வேண்டியதாயிற்று. அக்கண்டுபிடிப்பை விரைந்து உறுதிப்படுத்தியவர்களுள் ஒருவரான அமெரிக்க அறிஞர் வுட் என்பவரின் பெயரால் வழங்கும் 'வுட்டின் கொம்பு' அத்தகையது. மாட்டுக் கொம்புபோல வளைந்து கூர்மையாகும் கண்ணாடிக் குழலுக்குக் கருமை பூசினால் அதுவே ஒளிக்குப் பொறியாகிவிடும்.

1960 மே 16 ஆந் திகதி கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் இலேசர் ஒளியைத் தோற்றுவித்தார். அன்றுமுதல் இவ்வடக்கம் வசதிக்குரியதாக மட்டுமன்றி உயிர்க்காப்புக்குரியதாகவும் ஆயிற்று. இலேசர்க் கற்றை கண்ணினுள் நுழையின், கண்வில்லையே அதனை விழித்திரையிற் குவித்துச் சுட்டுவிடும். கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிராயின் ஆபத்து இன்னும் பெரிது. கருமை பூசிய தகடு வலிய கற்றையைத் தாங்காது, பூச்சு எரிந்துபோகும். ஆகவே கூம்பு வடிவான உலோகக் குழிகளும், நீரோட்டத்தாற் குளிரூட்டப்பெற்ற பெட்டகங்களும் எழுந்தன. சவர அலகுகளை நெருக்கமாக அடுக்கி, கூர்முனைகள் கற்றையை நோக்க வைப்பதும் ஆய்வுகூடங்கள் கையாண்ட எளிய உபாயமாகும். அலகுகளின் இடுக்கிற் புகுந்த ஒளி மீள்வது அரிது.

துணிக்கைகளின் கதை இதனினும் கடினமானது. 1931 ஆம் ஆண்டில் பேர்க்கிலி நகரில் ஏர்ணஸ்ட் லோரன்ஸ் உள்ளங்கை அளவான சைக்கிளோத்திரன் ஒன்றை இயக்கிக் காட்டினார். அடுத்துவந்த கருவிகள் ஆண்டுதோறும் பெருத்தன. பாதுகாப்பு அவ்வேகத்தில் வளரவில்லை. 1930களின் நடுப்பகுதியில், வைத்தியரான அவருடைய சகோதரர் ஜோன் லோரன்ஸ் எலியொன்றைக் கருவியின் அருகே வைத்து ஆராய்ந்தபோது, சில நிமிடங்களில் எலி இறந்து கிடந்தது. கூடியிருந்தோர் நடுங்கினர். பின்னர் ஆராய்ந்ததில், எலி கதிரினால் இறக்கவில்லை, காற்றோட்டமின்றி மூச்சடைத்தே இறந்தது என்பது தெரிந்தது. ஆயினும் அந்த அச்சம் நன்மையே பயந்தது. கருவியைச் சுற்றி நீர்த்தொட்டிகளை அடுக்கி நியூத்திரன்களைத் தடுக்கும் வழக்கம் அங்கு வலுப்பெற்றது.

எல்லா இடங்களிலும் அச்சம் உரிய காலத்தில் வந்துவிடவில்லை. 1949 இல், சைக்கிளோத்திரன்களின் அருகே பணிபுரிந்த பௌதிக விஞ்ஞானிகள் சிலரின் கண்களிற் படலம் படர்ந்திருந்தமை அமெரிக்க விஞ்ஞான இதழொன்றில் அறிவிக்கப்பட்டது. பார்வையைக் கெடுத்தவை, எவரும் காணாமலும் உணராமலும் பரவிய நியூத்திரன்களே. 1978 இல் சோவியத் நாட்டில் புரொத்வினோ என்னுமிடத்து ஆர்முடுக்கியில், பாதுகாப்பு ஏற்பாடுகள் செயற்படாதிருந்தமையால், புரோத்தன் கற்றை இளம் விஞ்ஞானி ஒருவரின் தலையை ஊடுருவிச் சென்றது. அவர் உயிர் தப்பினார். ஆயினும் ஒரு செவியின் கேள்விப்புலனை இழந்தார், முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தது.

துணிக்கைக் கற்றையை எங்ஙனம் நிறுத்துவது? ஈயம்போன்ற கனத்த உலோகத்தை எதிரே வைத்தாற் போதும் எனத் தோன்றலாம். உயர்சக்திப் புரோத்தன் ஓர் அணுக்கருவில் மோதியதும் பல புதிய துணிக்கைகள் பிறக்கின்றன. அவை மேலும் மோதி மேலும் பலவற்றைப் பிறப்பிக்கின்றன. அடர்ந்த உலோகத்தில் இம்மழை முழுவதும் குறுகிய இடத்திற் பொழிவதால், உலோகம் உருகிவிடும். எனவே முதலில் இலேசான பொருளிற் சக்தியைப் பரவவிட்டு, அதன்பின்னரே கனத்த பொருளால் எஞ்சியவற்றைத் தடுக்க வேண்டும்.

1966 ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கிய ஸ்ரான்போர்ட் நேர்கோட்டு ஆர்முடுக்கி ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர் நீளமானது. அங்கு இருபது இலட்சம் வாட்டுக்கும் மேற்பட்ட வலுவை ஏற்கத்தக்க அடக்கி நீரினால் அமைக்கப்பட்டது. உருகும் என்ற அச்சம் நீருக்கு இல்லை. சூடேறிய நீர் ஓடிவிட, புதுநீர் அவ்விடத்தை நிரப்பும். ஆனால் கற்றை நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடுகின்றது. இவ்விரு வாயுக்களும் கலந்து வெடிக்காதிருக்க, அவற்றை மீண்டும் நீராகச் சேர்க்கும் ஏற்பாடும் உடனிருத்தல் வேண்டும். ஓர் ஆபத்தை அடக்கப் புகுந்தவர் அதனாற் பிறக்கும் மற்றோர் ஆபத்தையும் முன்னறிய வேண்டியவராயினர்.

நூற்றாண்டு மாறியபின்னும் எச்சரிக்கைகள் ஓயவில்லை. 2003 டிசெம்பரில் சிக்காகோ நகருக்கு அண்மையிலுள்ள தெவத்திரன் ஆர்முடுக்கியில் அளவீட்டுக் கருவியொன்று கற்றையின் பாதையில் நகர்ந்தது. அடக்கியை நோக்கித் திருப்புமுன் தடம் புரண்ட கற்றை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் 5 மில்லிமீற்றர் தடித்த தங்குதன் தகட்டைத் துளைத்து, ஒன்றரை மீற்றர் நீளமான உருக்குக் கட்டையில் பள்ளம் கீறியது. 2004 ஒக்ரோபரில், ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆராய்ச்சி நிலையத்திற் காந்தமொன்று செயலிழந்தபோது, வழிதவறிய கற்றை வெற்றிடக் குழாயை 25 சதமமீற்றர் நீளத்துக்குக் கிழித்தது.

அந்நிலையம் அப்போது அமைத்துக்கொண்டிருந்த 27 கிலோமீற்றர்ச் சுற்றளவுள்ள பேராக்கமான மோதுகருவியின் கற்றையோ, இவற்றினும் நூறு மடங்குக்கு மேற்பட்ட சக்தி கொள்ளத் திட்டமிடப்பட்டது. ஒரு கற்றையிலுள்ள புரோத்தன்கள் யாவற்றின் எடையும் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆனால் வடிவமைப்பின்படி அதன் சக்தி 36.2 கோடி யூல். 400 தொன் எடையுள்ள புகைவண்டி மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது பெறும் சக்திக்கு இது நிகராகும்.

இப்புகைவண்டியை நிறுத்த ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமும் கிடையாது. எனவே ஏறத்தாழ 4000 காவற்கருவிகள் வளையத்தைச் சூழ நிறுத்தப்பட்டன. யாவும் நலமாயிருக்கும்வரை 'தொடர்க' என்னும் சமிக்ஞை ஓடிக்கொண்டேயிருக்கும். அது அறுந்தால், அறுந்ததே கட்டளையாகும். உடனே விசைக்காந்தங்கள் கற்றையைப் பக்கக் குகையொன்றுக்குத் திருப்பிவிடும். கற்றையின் தொடரில் மூன்று மைக்குரோ செக்கன் இடைவெளி இதற்கெனவே வெறுமையாக விடப்பட்டுள்ளது. வேறு காந்தங்கள் கற்றையை ஒரே புள்ளியில் விழவிடாது, சுழித்து எழுதுவதுபோலப் பரப்புகின்றன. இறுதியில் அதனை ஏற்பது எழுதுகோலின் முனையில் உள்ள அதே காரீயம். எட்டு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளமான அக்காரீய உருளையை உருக்கு உறையும், நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள இரும்பும் கொங்கிறீற்றும் சூழ்ந்துள்ளன. 2008 செப்டெம்பர் 10 ஆந் திகதி அவ்வளையத்தில் முதற் கற்றை சுற்றியபோது, அதற்கான அடைக்கலம் முன்னமே ஆயத்தமாயிருந்தது.

அடக்கியே அறிவுக்கு வாயிலாகிய நிகழ்ச்சியும் உண்டு. 1997 இல் தெவத்திரன் புரோத்தன்கள் தங்குதன் அடக்கி ஒன்றில் மோதவிடப்பட்டன. ஏனையவற்றுட் பெரும்பாலானவை அதனுள் மடிய, எதனாலும் தடுக்கவியலாத நியூத்திரினோக்கள் வெளிவந்தன. அவற்றுள் தோ நியூத்திரினோ என்னும் அரிய வகையின் தடயங்கள் நான்கு கண்டறியப்பட்டு, 2000 யூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டன.

ஆயினும் அடக்குவதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. கற்றையை ஏற்ற காரீயமும் இரும்பும் தாமே கதிர்வீசும் தன்மை பெறுகின்றன. கருவி ஓய்ந்த பின்னரும் நெடுங்காலம் அவற்றைக் காத்தல் வேண்டும். ஏவியவர்களின் பெயர்கள் பரிசுப் பட்டியல்களில் நிலைபெறும். அடக்கியவர்களின் பணியோ நிலத்தின் கீழ், இரும்புக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவே மறைந்துகிடக்கும். அங்கு யாதொன்றும் நிகழாதிருப்பதே அப்பணி செவ்வனே நிறைவேறியமைக்குச் சான்றாகும்.