டிசம்பர் மழையும் போற்றி வளர்த்த காரும்

குளிர்நாடுகளில் ஆசையாய் வைத்திருக்கும் பழைய காரை நவம்பரில் கொட்டகைக்குள் ஏற்றிவிடுவார்கள். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு இரும்பை அரித்துவிடும் என்ற பயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பனியும் இல்லை, அந்த உப்பும் இல்லை. அதனால் இங்கே காருக்குக் கெட்ட காலமே கிடையாது என்று எண்ணுவது தவறு. 1926-இன் இறுதி, 1971 ஜனவரி, 2021 டிசம்பர் என இவ்வட்டாரத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளங்கள் அதே குளிர்கால மாதங்களில்தான் வந்தன. சராசரி மழை ஏப்ரலிலும் நவம்பரிலும்தானே அதிகம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் மாலையில் இடித்துக் கொட்டி, ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும் மழை. விடாமல் ஒரு நாளும் இரண்டு நாளும் பெய்து ஆற்றையே கரைமேல் ஏற்றுவது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்து மழை.

இவ்வட்டாரத்துக்கு வெள்ளம் புதிதல்ல. கோலாலம்பூர் என்ற பெயரே சேற்று ஆற்றுக்கூடலைக் குறிப்பது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து ஊரை அழித்தபின் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்குச் செங்கல் சுட்ட இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். செங்கல்லுக்கு ஏற்ற களிமண் ஆற்றோரத்துத் தாழ்நிலத்தில் கிடைப்பது. கார்கள் உருவானதும் இதே பள்ளத்தாக்கில்தான். 1967-இல் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பொருத்தும் ஆலை வந்தது. 1985 ஜூலையில் அதே ஊரிலிருந்து முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. நாடே கொண்டாடிய அந்த வண்டி, எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் கார். அதைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உண்டு.

போர்ச்சில் நிறுத்தி உறை போட்டுவிட்டால் போதாதா? போதாது. நம் காற்றின் ஈரம் உறைக்குள் தங்கி, கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் துருவாகும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட விடுவதும் உதவாது. சைலன்சருக்குள் சேரும் நீர் காய, இருபது முப்பது நிமிடமாவது சாலையில் ஓட வேண்டும். ஆகவே இங்கே மழைமாதங்களில் காரைப் பூட்டி வைக்காமல் வாரந்தோறும் ஓட்டுவதே பராமரிப்பு. நிறுத்தும்போது கூரையைவிடத் தரையின் உயரமே முக்கியம்.

வெள்ளநீரைத் திருப்பிவிட 2007-இல் திறந்த, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறதே என்பாரும் உண்டு. அது நகர மையத்துக்காகக் கட்டப்பட்டது. 2021 டிசம்பர் 18-இல் கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, மக்கள் மேல்மாடியில் தஞ்சம் புகுந்தனர். போர்ச்சில் கூரைக்கடியில் பத்திரமாக நின்ற கார்களும் மூழ்கின. காப்புறுதி கைகொடுக்கும் என்றும் இருந்துவிட முடியாது. காருக்கான வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. கூடுதல் கட்டணம் கட்டித் தனியே சேர்க்க வேண்டும். உங்கள் பத்திரத்தை நவம்பருக்கு முன் எடுத்துப் பாருங்கள்.