பீமா கோரேகானுக்குக் குழந்தைகளோடு போனோம்

நாங்கள் ஜனவரி 1 அன்று போகவில்லை. அன்று அங்கே லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளோடு அந்த நெரிசலில் நிற்க முடியாது. 2018இல் இருநூறாவது ஆண்டு நினைவுநாளில் நடந்த வன்முறையையும் மறக்கவில்லை. அதையொட்டிய வழக்கில் சிறை வைக்கப்பட்ட ஸ்டேன் சுவாமி, நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர், 2021இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். ஆகவே கூட்டமில்லாத ஒரு வாரநாளில், புனேயிலிருந்து பஸ் ஏறிப் போனோம்.

வயல்வெளிக்கு நடுவே, பீமா ஆற்றின் அருகில் நிற்கிறது நினைவுத்தூண். குழந்தைகள் அதைச் சுற்றி ஓடிவிட்டு வந்து கேட்டார்கள்: “யார் ஜெயிச்சாங்க?”

“நம்மாளுங்க” என்றோம்.

“நம்மாளுங்க ஏன் வெள்ளைக்காரங்க பக்கம் சண்டை போட்டாங்க?”

தேசத்துரோகம் என்று கத்துகிறவர்களுக்குப் பதில் வைத்திருந்தோம். ஏழு வயதுப் பெண்ணுக்கு வைத்திருக்கவில்லை. சம்பளம் கிடைத்தது, பட்டாளம் ஒரு வேலை என்றோம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதோர் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் சட்டியும், கால்தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறாரே, அதைச் சொல்வதா? இந்த வயதில் வேண்டாம் என்றார் எங்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் டம்ளரைத் தொடவிடாமல், குவிந்த கையில் தண்ணீர் ஊற்றியபோது எங்களுக்கு எட்டு வயது. யாரும் முன்கூட்டிச் சொல்லித் தந்திருக்கவில்லை. சொல்லிவிட்டோம்.

“சட்டி கனமா இருக்குமா?” என்று கேட்டாள்.

குழந்தைகளிடம் உண்மையைச் சொன்ன பிறகு நாமும் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும், தோழர்களே. ஐந்நூறு மகர்கள் 28,000 பேரை வீழ்த்தினார்கள் என்று நாமே போஸ்டர் போடுகிறோம். கேப்டன் ஸ்டாண்டனின் படையில் சுமார் 800 பேர். மகர்களோடு மராத்தாக்கள், ராஜபுத்திரர்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பீரங்கிகள் மெட்ராஸ் பீரங்கிப் படையுடையவை. இரண்டாம் பாஜிராவின் பெரும்படை அருகில் இருந்தாலும், ஊருக்குள் தாக்க அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2,000 பேர், அதில் பலர் அரபு வீரர்கள். நாள் முழுக்கத் தண்ணீரின்றிக் கம்பெனிப் படை தாக்குப்பிடித்தது. இரவில் பேஷ்வா படை விலகியது. நடந்தது இது. இதைக் குறைத்துச் சொல்லவும் தேவையில்லை, கூட்டிச் சொல்லவும் தேவையில்லை.

தூணை எழுப்பியது கம்பெனி, தன் பெருமைக்காக. தீண்டாமை பற்றி அந்தக் கல்வெட்டில் ஒரு சொல் கிடையாது. பிறகு 1890களில், போர்க்குணமுள்ள இனங்கள் என்று ஒரு கதையைக் கட்டி, அதே பிரிட்டிஷார் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். தூண் அங்கேயே நின்றது, வேலை போனது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே வந்தார். அதற்குப் பிறகுதான் அது நம்முடைய தூண். அடுத்த மூன்றே மாதத்துக்குள் மகாடில் சவதார் குளத்து நீரை மக்களோடு சேர்ந்து அள்ளிக் குடித்தார்.

கல்லில் இறந்த வீரர்கள் 49 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடியும். அது மகர்கள் மட்டும் வைத்துக்கொண்ட பின்னொட்டு. பெரிய அதிகாரிகள் பெயரையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தேடச் சொன்னோம். எட்டாதவர்களைத் தூக்கிக் காட்டினோம். என், ஏ, சி என்று எழுத்துக்கூட்டி எண்ணத் தொடங்கினாள் சட்டி கனமா என்று கேட்டவள். பதினேழில் தவறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றதும் கையை உதறிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நாங்களும் படியில் உட்கார்ந்துவிட்டோம்.