தகரம் அடைத்த தெருக்கள்

கொரோனா காலத்தில் பெருநகர சென்னை மாநகராட்சியின் நிர்வாகம் தெரு அளவுக்கு இறங்கியது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்காததால், 200 வார்டுகளிலும் கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. ரிப்பன் மாளிகையில் பிறந்த உத்தரவு மண்டல அலுவலகம் வழியாக நேரே களப்பணியாளர் கைக்குப் போனது. மயிலாப்பூர் 9ஆம் மண்டலமான தேனாம்பேட்டையிலும், தியாகராய நகரின் பெரும்பகுதி 10ஆம் மண்டலமான கோடம்பாக்கத்திலும் அப்போது அடங்கியிருந்தன.

கையிலிருந்த சட்டம் பழையது. பம்பாயில் பிளேக் பரவியபோது 1897இல் அவசரமாக இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ்தான் 2020 மார்ச்சிலும் தமிழக அரசு விதிகளை வெளியிட்டது. அந்த பிளேக் நாட்களில் சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' முறை இருந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து ரயிலில் வந்தவர் சீட்டு வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் அதிகாரிகள் முன் சில நாட்கள் தொடர்ந்து ஆஜராக வேண்டும். ஊருக்குள் வந்தவரைப் பட்டியலிட்டுக் கண்காணிக்கும் இந்த யோசனை, 2020இல் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியவர்களின் விமான நிலையப் பட்டியலாக மறுபிறவி எடுத்தது. பிளேக் காலச் சுகாதார ஆணையர் கிங் பெயரில் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில்தான் தமிழகத்தின் கொரோனா பரிசோதனையும் தொடங்கியது.

நாடு தழுவிய ஊரடங்குக்கு முன்பே தி. நகர் அடங்கிவிட்டது. மார்ச் 20 முதல் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பெரிய கடைகளை மூடச் சொன்னது மாநகராட்சி. மெரினாவிலும் பொதுமக்களுக்குத் தடை. டிசம்பர் 14 வரை அது நீங்கவில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா அவ்வாண்டு நடக்கவில்லை. அறுபத்து மூவர் நாளில் மோரும் பானகமும் பிரசாதமுமாக நிரம்பி வழியும் மாட வீதிகள் வெறிச்சோடின.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற ஸ்டிக்கர் ஏறியது. மார்ச் இறுதியில் எல்டாம்ஸ் சாலையில் உள்ள நடிகர் கமல்ஹாசனின் பழைய வீட்டிலும் (அது அப்போது அவரது கட்சி அலுவலகமாகிவிட்டிருந்தது) ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுப் பிறகு அகற்றப்பட்டது. வேறொருவரின் பாஸ்போர்ட்டில் இருந்த முகவரியைப் பார்த்து ஒட்டியதாக விளக்கம் வந்தது. பிரபலர் வீடு என்பதால் அது உடனே செய்தியானது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகரில் பாஸ்போர்ட் முகவரியை நம்பிப் போனால் இப்படித்தான் ஆகும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய உத்தரவு இல்லாமல் வீடுகளில் இத்தகைய அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றது.

ஸ்டிக்கருக்கு அடுத்த கட்டம் தகரம். ஒரு தெருவில் நான்கைந்து பேருக்குத் தொற்று என்றால் அது கட்டுப்பாட்டுப் பகுதி; தெருமுனையில் சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்து, பிளீச்சிங் பவுடர் தூவி, காவலுக்கு ஆள் போட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பாலும் மருந்தும் வாங்கித் தரத் தன்னார்வலர்கள் நியமிக்கப்பட்டார்கள். தெர்மல் ஸ்கேனரோடு வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், இருமல் கேட்டுக் குறித்த தற்காலிகப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தெருமுனைக் காய்ச்சல் முகாமில் கபசுரக் குடிநீரும் கிடைத்தது. நோயாளியைக் கண்டுபிடித்ததில் தகரத்தைவிட இந்த வீட்டுக் கணக்குக்கும் முகாமுக்கும்தான் பங்கு அதிகம். தகரமோ, பரிசோதனைக்குப் போனால் வாசலை அடைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தையும் வளர்த்தது.

ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவ, மே 5இல் சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. வண்டியில் வந்த காய்கறியே பல தெருக்களுக்குச் சந்தை. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது.

மக்கள் தினமும் தேடிப் படித்தது மாநகராட்சி வெளியிட்ட மண்டலவாரி அட்டவணை. மொத்தத் தொற்று, குணமானவர், சிகிச்சையில் இருப்பவர், இறந்தவர் என்ற நான்கு எண்களில் தங்கள் மண்டலம் மேலே ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ராயபுரத்தோடு கோடம்பாக்கமும் தேனாம்பேட்டையும் அடிக்கடி முன்வரிசையில் நின்றன. ஆனால் மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநில அரசின் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்பது ஜூனில் வெளிவந்தது. குழு அமைத்துச் சரிபார்த்த பின், ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்ந்தன. நாள்தோறும் எண்களை வெளியிட்டதால்தான் அந்த இடைவெளி பிடிபட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

2021 மே மாத இரண்டாம் அலையில் தகரத்தைப் பற்றிய பேச்சு குறைந்து, ஆக்சிஜன் படுக்கையும் கார் ஆம்புலன்ஸும் முன்னுக்கு வந்தன. அலை ஓய்ந்த பிறகும் கூட்டத்தைக் குறைக்க ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 வரை நகரின் சில கடைவீதிகள் மூடப்பட்டன. ரங்கநாதன் தெரு அதிலும் இருந்தது. 2022 பிப்ரவரி 19இல் மாமன்றத் தேர்தல் நடந்தபோது, மாலை 5 முதல் 6 மணி வரையிலான கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகள் வாக்களிப்பதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேல் காலியாக இருந்த 200 இடங்களுக்கும் அதன்பின் கவுன்சிலர்கள் வந்தார்கள்.